அந்தப் படத்தில் உன் அம்மா சிரிக்கிறாள்

தம்பி,

நீ அனுப்பிய பெரிய பழுப்பு உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. மடங்காமல் இருக்க உள்ளே அட்டை வைத்து நன்றாகத்தான் ஒட்டியிருந்தாய். அம்மா களையெடுப்புக்கு ஆள் கூப்பிடப் போயிருந்தாள். நான் தனியாக வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து பிரித்தேன். சென்னையில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைக் காட்சிக்கு வைத்திருந்த ஓரிடத்துக்கு நண்பர்களோடு போனபோது, ஒரு படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது என்று எழுதியிருந்தாய். 'திருவாரூர் கடைத்தெரு, விவசாயத் தொழிலாளர் ஊர்வலம்' என்று மட்டும் கீழே போட்டிருந்ததாம். முன்வரிசையில் வாய்கொள்ளாமல் சிரித்துக்கொண்டு வருகிற பெண்ணின் புருவத் தழும்பைப் பார்த்து, இது நம் அம்மா என்று கண்டுகொண்டாயாம். கேட்டுக் கெஞ்சி ஒரு பிரதி வாங்கிவிட்டாய். அதை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி உன் கல்யாண மண்டபத்து வாசலில் வைக்க வேண்டும், வருகிறவர்களெல்லாம் 'இது யாரு' என்று கேட்க வேண்டும் என்பது உன் ஆசை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தாய்: 'கீழ் மூலையில் தலைப்பாகை கட்டிய ஒரு ஆளின் பின்தலை மறைக்கிறது. அது படத்தைக் கெடுக்கிறது. ஸ்டுடியோவில் சொல்லி வெட்டிவிடலாம்.'

அந்தத் தலைப்பாகை என்னுடையது.

உனக்கு எப்படித் தெரியும்? முகம் இல்லாமல் ஒரு காதையும் கொஞ்சம் கழுத்தையும் வைத்து அப்பாவைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. உன்மேல் வருத்தமில்லை. ஆனால் அந்த வரியைப் படித்ததும் போன மாதம் நீ போனில் சொன்னது திரும்பவும் காதில் விழுந்தது. "கல்யாணம் ஆனதும் தேனு வேலைய விட்டுரணும்னு சொல்லிட்டேம்ப்பா. அந்த ஆபீஸ்ல ஒருத்தன் இருக்கான், அவன்கூட என்னமோ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறா. அதான் தெனமும் சாயங்காலம் ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டு, வந்துட்டாளான்னு கேட்டுக்குவேன்" என்றாய். பொறுப்பான ஆள் பேசுகிற மாதிரி பேசினாய். நான் 'ம்' என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு வெகுநேரம் கை அதன் மேலேயே இருந்தது. உன் குரலில் என் குரல் கேட்டது, தம்பி. அதனால்தான் இதை எழுதுகிறேன். உன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது. அவனுக்கும் தெரியட்டும்" என்றாள்.

நீ பிறப்பதற்கு முந்தைய காலம் அது. அன்றைக்கு நமக்கு ஒரு குழி நிலம் கிடையாது. குடிசை நின்ற தரைகூட மிராசுதாருடையது. ஆட்சி மாறிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சுவரெல்லாம் கறுப்பு சிவப்பு. மேடையில் பேசிய சமத்துவம் எங்கள் தெருவுக்குள் வர இன்னும் நாள் பிடித்தது. கூலியைக் கூட்டிக் கேட்டால், வெளியூரிலிருந்து லாரியில் ஆளை இறக்கி அறுவடை செய்தார்கள். எங்கள் மிராசுதார் அந்த வட்டாரத்திலேயே முதலாவதாக ஒரு சிவப்பு டிராக்டர் வாங்கினார். அதை ஓட்டப் பழக்க, எங்கள் தெருவிலிருந்து என்னைப் பொறுக்கி எடுத்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். திரும்பி வரும்போது நான் கால்சட்டை போட்டிருந்தேன். எங்கள் தெருவில் அதற்குமுன் யாரும் போட்டதில்லை. அந்த வண்டி இருபது ஏரின் வேலையை ஒன்றாகப் பார்த்தது. அதனால் இருபது வீட்டில் அடுப்பு எரியவில்லை. அதை நான் யோசிக்கவில்லை. உயரத்தில் உட்கார்ந்துகொண்டு சொந்தக்காரர்களின் தலைகளைப் பார்த்துக்கொண்டே போவது எனக்குப் பிடித்திருந்தது.

கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம். உன் அம்மா நடவுக்குப் போவாள். கமலம் குரல் கொடுத்தால் நாலு வயல் தாண்டிக் கேட்கும் என்பார்கள். அந்தச் சமயத்தில்தான் சாமிக்கண்ணு என்று ஒருவர் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார். திருவாரூரிலிருந்து சைக்கிளில் வருவார். விவசாயத் தொழிலாளர் சங்கத்து ஆள். கல்யாணம் ஆகாதவர். ஒல்லி உடம்பு, தோளில் துணிப்பை. அழகன் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் எங்கள் தெருப் பெண்களிடம் பேசிய விதம் வேறு. முதல் கூட்டம் புங்கமரத்தடியில் நடந்தது. நான் டிராக்டரைக் கழுவுகிற சாக்கில் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் உன் அம்மாவைப் பார்த்து, "கமலம், நீங்க சொல்லுங்க. ஒங்க வயல்ல என்ன நடந்துச்சு?" என்று கேட்டார். உன் அம்மா திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. அப்புறம்தான் பேச ஆரம்பித்தாள். பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

அன்று சாயங்காலம் குழம்புக்கு அரைத்துக்கொண்டே சொன்னாள்: "என்னய போயி 'நீங்க'ங்குறாருங்க அவரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"அதுக்கு என்னா இப்ப?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. சும்மாத்தான் சொன்னேன்."

அந்தச் சிரிப்பு எனக்குள் முள்ளாகத் தைத்தது. அவள் என்னை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். நான் அவளை 'டி' போட்டுத்தான் கூப்பிடுவேன். ஊரில் எல்லாரும் அப்படித்தான். மறுநாள் உழுதுகொண்டிருக்கும்போது, டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று, "கமலம், நீங்க சாப்டீங்களா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது நக்கல் மாதிரி இருந்தது. அதற்கும் சாமிக்கண்ணு மேல்தான் கோபம் வந்தது. ஓர் எழுத்தைச் சேர்த்துச் சொல்லி ஒருவன் என் பெண்டாட்டியின் முகத்தை மாற்றிவிட்டான், எனக்கு அது வரவில்லை என்ற கோபம்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வேலையே இல்லை. அவர் வந்து போன நாட்களை விரல்விட்டு எண்ணுவேன். அவர் வருகிற நாளில் அவள் எந்தப் புடவை கட்டுகிறாள், தலையை எத்தனை தடவை வாரிக்கொள்கிறாள் என்று பார்ப்பேன். ஒரு நாள் தெருவில் சைக்கிள் மணி கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். வந்தது உப்பு விற்கிற ஆள். அவள் உப்புக்காகத்தான் நிமிர்ந்திருக்கிறாள், வீட்டில் உப்பு இல்லை. எனக்கு அது போதவில்லை. உப்பு இல்லாமல் போனதே ஒரு ஏற்பாடு என்று நினைத்தேன். நீ வார்டனுக்குப் போன் போடுகிறாயே, எனக்கு அன்றைக்குப் போன் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கும் அந்த மனிதருக்கும் இடையில் ஒன்றும் இல்லை. அன்றைக்கும் எனக்கு அது தெரியும். தெரிந்தும் பொறாமை குறையவில்லை.

படம் எடுத்த நாளுக்கு வருகிறேன். கூலிக்காகவும், குடியிருக்கிற மனையைக் குடியிருப்பவனுக்கே எழுதித் தரச் சொல்லியும் திருவாரூரில் ஊர்வலம் என்று முடிவானது. போகக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். "எல்லாரும் போறாங்க. நான் மட்டும் எப்படிங்க இருக்குறது?" என்றாள். நான் அடிக்கக் கை ஓங்கினேன். அவள் நகரவில்லை, கை இறங்கிவிட்டது. காலையிலேயே அவள் மற்றப் பெண்களோடு நடந்தே போய்விட்டாள். அன்றைக்கென்று மிராசுதார் என்னைத் திருவாரூருக்கு உர மூட்டை ஏற்றிவர அனுப்பினார். வேண்டுமென்றே அனுப்பினாரோ என்று இப்போது தோன்றுகிறது. "ஒன் பொண்டாட்டி அங்க கொடி புடிக்கிறாளாமேடா, போயி கண்ணால பாத்துட்டு வா" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்.

கடைத்தெருவில் வண்டி மாட்டிக்கொண்டது. எதிரே ஊர்வலம். பஸ், லாரி, மாட்டுவண்டி எல்லாம் ஓரமாக ஒதுங்கி நின்றன. முந்தின நாள் மழையில் ரோடு முழுக்க ஈரம். அப்போது ஜோல்னாப் பையும் தாடியுமாக ஒரு பட்டணத்து ஆள் ஓடிவந்தார். கழுத்தில் காமிரா. "அண்ணே, ஒரு நிமிஷம் ஒங்க ட்ரெய்லர்ல ஏறிக்கட்டுமா? ஒயரத்துலேந்து நல்லா வரும்" என்றார். ஏறிக்கொள்ளச் சொன்னேன். ஆக, அந்தப் படம் என் வண்டி மேலிருந்து எடுத்தது, தம்பி. நான்தான் இடம் கொடுத்தேன். முன்வரிசையில் நாலு பெண்கள் கைகோத்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் உன் அம்மா. ஓர் அடி முன்னால் சாமிக்கண்ணு, அவள் பக்கம் முகத்தைத் திருப்பி ஏதோ சொல்கிறார். அவள் சிரித்தாள். என் தலைக்குப் பின்னால் 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. வீட்டில் இரண்டு வருடம் கூடவே வாழ்ந்தும் நான் பார்க்காத சிரிப்பு அது. உப்பு, புளி, காய்ச்சல், கடைத்தெரு என்று நாங்கள் பேசிக்கொண்ட எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. யாரோ ஒருவர் காமிராவில் அதைப் பிடித்துக்கொண்டார், இன்னொருவர் அதற்குக் காரணமாக இருந்தார், புருஷன்காரன் நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். படத்தில் என் முகம் விழாதது நல்லதுதான்.

பொழுது சாய அவள் தொண்டை கட்டி வந்து சேர்ந்தாள். கஞ்சி குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள்: எத்தனை ஊர் ஆட்கள் வந்தார்கள், எந்தக் கடைக்காரர் தண்ணீர்ப் பானை எடுத்துவந்து வைத்தார், தாசில்தார் மனுவை வாங்க எவ்வளவு நேரம் காக்க வைத்தார். சிரித்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்கிறாளா என்று கடைசி வரை காத்திருந்தேன். நானும் அங்கே இருந்தேன் என்று நான் சொல்லவில்லை.

குறுவை அறுவடை வந்தது. மிராசுதார் வெளியூர் ஆளைக் கொண்டுவரப் போகிறார் என்று தெரிந்து, வரப்பில் போய் மறித்து நிற்பது என்று தெருவில் முடிவு செய்தார்கள். அதற்கு முன்னால் ஒரு கூட்டம். உன் அம்மா கெளுத்தி மீனை உரசிக் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் சாமிக்கண்ணு தோழர் வர்றாருங்க. மெயின் ரோட்டுல போலீசு நிக்கிதாம். ஆத்தங்கரையோட சைக்கிள்ல வர்றேன்னு சொல்லி அனுப்பிச்சிருக்காரு." புருஷன் என்று நம்பிச் சொன்னாள். சொல்லிவிட்டு எழுந்துபோய், மறுநாளைக்குக் கட்டிக்கொள்ள அந்த மாம்பழக் கலர்ப் புடவையைத் துவைத்துக் கொடியில் போட்டாள். நான் அந்தப் புடவையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காலையில் சாவி வாங்கப் போனபோது மிராசுதாரிடம் சொல்லிவிட்டேன். "மத்தியானம் சாமிக்கண்ணு ஆத்தங்கரை வழியா வர்றான் ஐயா. தனியாத்தான் வருவான்." அவர் வெற்றிலையைத் துடைத்துக்கொண்டே தலையை மட்டும் ஆட்டினார். மிரட்டி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான் நடக்கும் என்று நினைத்தேன் என இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். அடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கே அடிப்பார்கள் என்பதுதான் தெரியாது.

வலது முழங்காலில் அடித்தார்கள். சைக்கிளைத் தூக்கி ஆற்றில் போட்டார்கள். செய்தி தெரிந்து எங்கள் தெருவே ஓடியது. நான் மேட்டு வயலில் வண்டியோடு நின்றேன். ஒரு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி அவரைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். அவர் தலை உன் அம்மா மடியில் இருந்தது. மாம்பழப் புடவை முழுக்கச் சேறும் ரத்தமும். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை. அங்கேயிருந்தே கத்தினாள்: "வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க! மாட்டுவண்டில போனா ஆவாது. கூத்தாநல்லூர் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விட்டுருங்க!"

நான் சொன்னது இது: "ஐயாவக் கேக்கணும்."

அவள் மறுபடி கேட்கவில்லை. மாட்டுவண்டி என்னைக் கடந்து போனது. இதை எழுதும்போதும், அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்கப் போவதில்லை. ஒருவன் கால் உடைந்து முனகிக்கொண்டு போகிறான், எனக்கு அவன் தலை எந்த மடியில் இருக்கிறது என்பதுதான் கண்ணில் பட்டது.

கூத்தாநல்லூரில் கட்டுப் போட்டுத் திருவாரூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பன்னிரண்டு நாள் கிடந்தார். அவருக்குச் சொந்தம் என்று யாருமில்லை, தெருப் பெண்கள் முறை வைத்துக் கஞ்சி கொண்டுபோனார்கள். உன் அம்மாவின் முறை வரும் நாட்களில் நான் சாப்பிட மாட்டேன். அவள் வயிற்றில் அப்போது நீ ஐந்து மாதம். கேஸ் அவர் மேலேயே போட்டார்கள், அத்துமீறி நுழைந்தான் என்று. வெளியூர் ஆட்கள் வந்து அறுத்துவிட்டுப் போனார்கள்.

பிறகு ஒரு நாள் களத்தில் பதர் தூற்றும்போது மிராசுதாருடைய காரியக்காரர் உன் அம்மாவைச் சீண்டியிருக்கிறார். "என்ன கமலம், கொரலே காணும்? ஒன் புருசன்தானே வழி காட்டுனான். வீட்டுல போயி கத்து" என்றாராம். அவள் தூற்றுகிற முறத்தைக் கீழே வைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தாள். நான் வண்டிக்குக் கிரீஸ் போட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீதான் சொன்னியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"எதுக்கு?"

என்ன சொல்வது? ஓர் எழுத்துக்காக என்றா? சிரிப்புக்காக என்றா? நான் தலையைக் குனிந்துகொண்டு கையையே கழுவிக்கொண்டிருந்தேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. உள்ளே போய் அரிசி களைந்தாள். அதற்கப்புறம் சங்கத்துக் கூட்டம் எதற்கும் அவள் போகவில்லை. நான் தடுக்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னது சுவர் வழியாக என் காதில் விழுந்தது. நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. அவள் வீட்டிலேயே இருந்தாள். சைக்கிள் மணி கேட்டால் நிமிரவில்லை. அந்தக் குரல் நாலு வயல் தாண்டவில்லை, நாலு சுவரும் தாண்டவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்ததா என்று நீ கேட்கலாம். சிலகாலம் இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

அம்மா என்னை 'நீ, வா, போ' என்று பேசுவதைப் பார்த்து நீ சின்ன வயதில் கேலி செய்வாய். சொந்தக்காரர்கள், "கமலத்துக்குப் புருசன் மேல அவ்ளோ செல்லம்" என்பார்கள். தம்பி, கை கழுவிக்கொண்டிருந்த அந்த நாள் வரை அவள் என்னை 'நீங்க' என்றுதான் சொன்னாள். அன்றைக்கு விட்டதுதான். இந்த இருபத்தெட்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறிப்போய்க்கூட அது திரும்பி வரவில்லை.

சாமிக்கண்ணுவைப் பிறகு ஒரே ஒருமுறை பார்த்தேன். உனக்கு மூன்று வயது இருக்கும். மனைப் பட்டா கொடுக்கிறார்கள் என்று பெயர் எழுதிக்கொள்ள வந்தவர்களோடு அவரும் வந்தார். காலை இழுத்து இழுத்து நடந்தார். நம் வாசலில் நின்று, "கமலம், நல்லா இருக்கீங்களா? பையனா? என்ன பேரு?" என்று கேட்டார். என்னைப் பார்த்து, "வணக்கம் தோழர்" என்றார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்த முகத்திலிருந்து எனக்குப் புரியவில்லை. அம்மா உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். வீட்டில் ஒரே ஒரு எவர்சில்வர் டம்ளர்தான் இருந்தது, உன் பெயர் வைக்கும்போது வந்தது. அதில்தான் கொண்டுவந்தாள். அவர் காலை உடைத்தவன் நான். என் வீட்டு மனைக்குப் பட்டா எழுத வந்த மனிதர் அவர். நின்றுகொண்டே தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். நான் அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நோய் அப்படிப்பட்டது. வெட்கத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்ளும், வெட்கம் அதை விரட்டாது.

நாலைந்து வருடத்துக்கு முன்னால் பஞ்சாயத்துத் தேர்தலில் நம் ஊரைப் பெண்களுக்கு ஒதுக்கினார்களே, ஞாபகம் இருக்கிறதா? லீவில் நீ வந்திருந்தாய். ஊரே நம் வாசலில் வந்து நின்று, கமலம்தான் நிற்க வேண்டும் என்று கேட்டது. "எனக்கு எதுக்குங்க அதெல்லாம்" என்று எல்லாரையும் திருப்பி அனுப்பிவிட்டாள். "அம்மாவுக்குப் பயம்" என்று நீ சிரித்தாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அவள் நம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கடைத்தெரு நடுவே அப்படி வந்தவளுக்கு நம் ஊர்ப் பஞ்சாயத்து என்ன பயம்? அவள் இழந்தது எவ்வளவு என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை.

நீ அனுப்பிய படத்தை அது வந்த அன்றே அவளிடம் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். கைகோத்து வந்த மூன்று பெண்களின் பெயரையும் சொன்னாள். அதில் இரண்டு பேர் இப்போது இல்லை. இருபத்தெட்டு வருடமாக என் தொண்டையில் கிடந்ததை நான் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு யாரப் பாத்து இப்படிச் சிரிச்ச?"

"யாரையும் பாக்கல" என்றாள். "அந்தத் தெருவுல ஓரமாத்தானே நாம நடப்போம். கடக்காரன் தண்ணி தெளிச்சா இன்னும் ஒதுங்குவோம். அன்னிக்கு நடு ரோட்டுல நடக்குறோம். பஸ்ஸுக்காரன் நிக்கிறான், லாரிக்காரன் நிக்கிறான். நாம போற வரைக்கும் நின்னுதானே ஆவணும்? நெனச்சேன், சிரிப்பு தாங்கல."

"நானும் நின்னேன். டிராக்டர்ல இருந்தேன். இந்தா, இந்தத் தலப்பா நான்தான்."

குனிந்து பார்த்தாள். "அப்படியா? நான் கவனிக்கலியே" என்றாள்.

பொய் சொல்லவில்லை, அது நிஜமாகவே அவளுக்குப் புதிய செய்தி. அந்தச் சிரிப்பில் சாமிக்கண்ணு இல்லை. நானும் இல்லை. இல்லாத ஒன்றுக்காக ஒரு மனிதர் கால் போனது, இவள் குரல் போனது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் அப்படிச் சொன்ன நிமிஷத்தில் எனக்குக் குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பொறாமைதான். இந்தத் தடவை அவள்மேலேயே. உயரத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். அப்படி ஒரு சிரிப்பு என் வாழ்நாளில் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

படத்தை மண்டபத்தில் வைக்க வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். அது அவளிடமே இருக்கட்டும். அதில் யாரையும் வெட்டவும் வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம்.

இப்போது உன் விஷயம். நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் தேன்மொழியின் ஹாஸ்டலுக்குப் போன் செய்தேன். உன்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். இங்கே எழுதிய எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "என் ரத்தத்துல இது இருக்கும்மா. அவன்கிட்டயும் இருக்குற மாதிரி தெரியிது. தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணு" என்றேன். அவள், "மாமா, யோசிக்க எனக்கு ஒரு வாரம் வேணும்னு அவர்ட்ட சொல்லியிருக்கேனே, ஒங்ககிட்ட சொல்லலியா? பத்திரிகைய மட்டும் இப்ப அடிக்கக் குடுக்க வேணாம்" என்றாள். நீ எங்களிடம் சொல்லவில்லை, தம்பி. நாங்கள் இங்கே பத்திரிகைக்கு மஞ்சள் தடவக் காத்துக்கொண்டிருக்கிறோம்.

கடைசியில் அவள் ஒன்று கேட்டாள். "அத்தை ஏன் ஒங்கள விட்டுட்டுப் போவல?"

உன்னைச் சுமந்துகொண்டிருந்தாள், போக இடமில்லை என்று ஊரில் யாரும் சொல்கிற பதிலை நானும் சொல்லியிருக்கலாம். அது உண்மைதானா என்று நான் ஒருநாளும் அவளிடம் கேட்டதில்லை. "அவகிட்டயே கேளும்மா" என்று சொல்லிப் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

அவள் வயரை இழுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். குரல் கேட்டது, பேச்சு விளங்கவில்லை. ஒரு தடவை உன் அம்மா சத்தமாகச் சிரித்தாள். என்னைப் பற்றியா? அந்தப் பழைய ஆளைப் பற்றியா? என்னிடம் சொல்லாத எதை நேற்று வந்த பெண்ணிடம் சொல்லிச் சிரிக்கிறாள்? ஐம்பத்தைந்து வயதில், உன் அம்மாவை வைத்து வருங்கால மருமகள்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவருகே போய்க் காதை வைக்க இரண்டு தடவை எழுந்தேன். இரண்டு தடவையும் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவள் வெளியே வந்து போனை அதன் இடத்தில் வைத்துவிட்டு, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீர் வருகிறதா பார்க்கிறேன் என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். நான் கேட்கவில்லை.

நீ இதைப் படித்து முடித்ததும் தேன்மொழிக்குப் போன் செய்வாய். அம்மா என்ன சொன்னாங்க என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். கேட்காதே.

உன் அப்பா